ஒரு நோய்க்கு வேறொரு நோயின் பெயர்



1760ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 25ஆம் நாள் காலை, இலண்டன் மாநகரிலே கென்சிங்டன் அரண்மனையில், இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஜோர்ஜ் வழக்கம்போல ஆறு மணிக்குத் துயிலெழுந்தார். வயது 76. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆட்சி புரிந்தவர். நேரந் தவறாமையில் கடிகாரத்தையும் வென்றவர் என்று பெயர் பெற்றவர். எழுந்தவர் ஒரு கோப்பை சொக்கலேற் பானம் அருந்தினார். பின்னர் காலைக்கடன் கழிக்கும் சிற்றறைக்குத் தனியே சென்றார். சிறிது நேரத்தில் உள்ளிருந்து ஏதோ கனத்த பொருள் விழுந்தாற் போன்ற ஓசை கேட்டது. வெளியே நின்ற ஏவலாளன் ஓடிச்சென்று பார்த்தான். மன்னர் நிலத்திற் கிடந்தார். விழுந்த வேகத்தில் நெற்றிப்பொட்டில் ஒரு காயம். கட்டிலிற் கிடத்தி, மகள் அமேலியா இளவரசியை அழைத்து வந்தனர். வைத்தியரும் வந்து, அக்கால முறைப்படி நரம்பைக் கீறிக் குருதி வடிக்க முயன்றனர். பயன் யாதுமில்லை. மன்னர் மாண்டு போயிருந்தார்.

முதிய மனிதர் ஒருவர் நின்ற நிலையிற் சாய்ந்து விழுந்து இறந்தால், அக்காலத்தவர் அதற்கு ஒரு பெயரை ஆயத்தமாக வைத்திருந்தனர். மூளையைத் தாக்கும் திடீர் மூர்ச்சை என்பதே அது. இன்று நாம் பாரிசவாதம் என்று வழங்குவதும், அதனோடு ஒத்த பல பிணிகளும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருந்தன. இறந்தவன் ஊரிலுள்ள ஏழைக் குடியானவனாயின் அப்பெயரோடே அடக்கஞ் செய்யப்பட்டிருப்பான். ஆனால் இறந்தவர் அரசர். அரசரின் உடலுக்குத் தைலமிட்டுப் பாதுகாத்தல் வேண்டும். அதற்கு உடலைத் திறத்தல் வேண்டும். இப்பணி பிராங்க் நிக்கல்ஸ் என்னும் வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. உடலமைப்பியலில் வல்லவராகிய இவர் மன்னருக்கே வைத்தியராக இருந்தவர்.

நிக்கல்ஸ் மார்பைத் திறந்தபோது, இதயத்தைச் சூழ்ந்துள்ள உறை உறைந்த குருதியால் நிரம்பிப் புடைத்திருந்தது. ஏறத்தாழ ஒரு பைந்து அளவு குருதி அதில் இருந்தது. அக்குருதியின் அமுக்கத்தினால் இதயம் விரிய இடமின்றி நின்றுபோயிருந்தது. மேலும் ஆராய்ந்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் உட்புறத்தில், குறுக்காக ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு கிழிவு. அக்கிழிவின் வழியே குருதி வெளிப்படைக்குக் கீழே புகுந்து, அதனை மேலே தூக்கி நின்றது. கண்டதைக் கண்டவாறே எழுதி, இலண்டன் றோயல் சங்கத்தின் தலைவருக்கு ஒரு கடிதமாக அனுப்பினார். அது அச்சங்கத்தின் ஏட்டிலே வெளிவந்தது. இந்நோயைப் பற்றித் தெளிவாக எழுதப்பட்ட முதற் சான்றுகளுள் ஒன்றாக வைத்திய வரலாற்றாசிரியர் இன்றும் அக்கடிதத்தையே காட்டுவர்.

நான் வைத்தியனல்லன், வரலாறு கற்பிப்பவன். எனினும் வரலாற்றைக் கற்பிப்பவனுக்கு இந்நோயின் கதையில் ஓர் ஈர்ப்பு உண்டு. பிறிதொரு நோயின் பெயரைச் சூடிக்கொண்டு நடமாடிய நோய் இது. அந்தப் பெயர்மயக்கம் நூற்றாண்டுகளாக எவருக்கும் பெருந்தீங்கு செய்யவில்லை. வைத்தியம் வளர வளரத்தான் அது உயிர்கொல்லும் மயக்கமாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் உடலமைப்பைப் பற்றி இரண்டொரு சொற்கள். இதயத்தின் இடது இதயவறையிலிருந்து எழும் பெருங்குழாயை நம் பாடநூல்கள் தொகுதிப் பெருநாடி என்று கூறும். அது முதலில் மேல்நோக்கி எழுந்து, பின் ஊன்றுகோலின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி வயிற்றுக்குட் செல்கின்றது. வளைவின் முதுகிலிருந்து, கைகளுக்கும் கழுத்தின் வழியே மூளைக்கும் குருதி கொண்டு செல்லும் நாடிகள் கிளைக்கின்றன. பெருநாடியின் சுவர் மூன்று படைகளால் ஆனது. உயர் இரத்த அமுக்கத்தினாலோ, பிறவியில் அமைந்த குறையினாலோ நடுப்படை நலிவுற்றிருக்கும் ஒருவருக்கு, ஒருநாள் உட்படை திடீரெனக் கிழிகின்றது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் குருதி அக்கிழிவுக்குட் புகுந்து, படைகளைப் பிரித்துக்கொண்டு ஓடுகின்றது. மேற்சட்டைப் பையின் உள்துணி கிழிந்தால், பையிலிட்ட காசு துணிக்கும் துணிக்கும் இடையே இறங்கி, சட்டையின் அடிவிளிம்பிலே போய்த் தங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலக் குருதிக்கு ஒரு பொய்வழி உண்டாகின்றது. அப்பொய்வழி புடைக்கப் புடைக்க, மெய்வழி நெருக்குண்டு ஒடுங்குகின்றது.

இனித்தான் மயக்கத்தின் வேர் இருக்கின்றது. அப்பொய்வழி எங்கே போகின்றதோ, அங்குள்ள உறுப்பின் நோயாக இது தோற்றமளிக்கும். இதயத்துக்கு உணவூட்டும் நாடியின் வாயை அடைத்தால் மாரடைப்பாகத் தோன்றும். வயிற்று நாடிகளை அடைத்தால் குடல்நோயாகத் தோன்றும். காலுக்குப் போகும் நாடியை அடைத்தால் கால் குளிர்ந்து மரத்துப்போகும். கழுத்து நாடிகளுக்குள் ஏறினால் மூளை குருதியின்றி வாடும், கை கால் விழும், வாய் கோணும், பேச்சுக் குழறும். பார்ப்பவர் யாவரும் பாரிசவாதம் என்றே சொல்வர். அது பொய்யும் அன்று. மூளையிலே நேர்ந்தது பாரிசவாதந்தான். ஆனால் அதன் காரணம் மூளையிலும் இல்லை, கழுத்திலும் இல்லை, மார்புக்குள்ளே இருக்கின்றது.

நிக்கல்ஸின் கடிதம் வெளியான அதே 1761ஆம் ஆண்டில், இத்தாலியின் படுவா நகரிலே மோர்கானி என்னும் பேராசிரியர் தமது எழுபத்தொன்பதாம் வயதில் ஒரு பெருநூலை வெளியிட்டார். நோய்களின் இருப்பிடமும் காரணமும் யாவை என்று ஆராயும் நூல் அது. நோயாளி உயிரோடிருந்தபோது கூறிய முறைப்பாடுகளை ஒருபுறமும், இறந்தபின் உடலைத் திறந்து கண்டவற்றை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டவர் அவர். பெருநாடியின் படைகளுக்கிடையே குருதி புகுந்திருந்த நிலையும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. பின்னர் 1802இல் ஜெனீவாவைச் சேர்ந்த மோனுவார் என்பவர், குருதி படைகளைப் பிளந்து செல்லுகின்றது என்ற கருத்தில் இந்நோய்க்குப் பிளவு என்னும் சொல்லை வழங்கினார். அவருக்குப்பின் ஸ்டெதஸ்கோப் கருவியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியர் லயெனெக், நாடிவீக்கம் என்னும் பழஞ்சொல்லோடு அதனைச் சேர்த்து, ‘பிளக்கும் நாடிவீக்கம்’ எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார்.

இப்பெயர் பொருந்தாப் பெயர். நாடிவீக்கம் என்பது சுவர் முழுவதும் பலூன்போல மெல்ல மெல்லப் புடைப்பது. பிளவு என்பது ஒரு நொடியிற் கிழிவது. இரண்டும் வேறு. எனினும் லயெனெக்கின் புகழ் பெரிது, பெயரும் நிலைத்துவிட்டது. மேற்கே சென்ற கொலம்பஸ் தாம் கண்ட மக்களை இந்தியர் என்று அழைக்க, ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் உலகம் அப்பெயரை முற்றாகக் கைவிட முடியாமல் இடர்ப்படுவதை நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. பெரியவர்கள் இடும் பிழையான பெயர் நீண்ட ஆயுள் உடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் வைத்தியர் பீக்கொக் முதலியோர் இத்தகைய இறப்புக்களை எண்ணித் தொகுத்தனர். 1855ஆம் ஆண்டளவில் சுவேன், லதம் என்னும் இருவர், உயிரோடிருந்த நோயாளி ஒருவரிடத்திலேயே இது இன்ன நோய் எனக் கண்டறிந்தனர். ஆயினும் அது மிக அருமையாக நிகழ்ந்தது. 1934இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரைச் சேர்ந்த செனன் என்னும் நோயியற் பேராசிரியர் ஏறத்தாழ முந்நூறு நிகழ்ச்சிகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். அவற்றுள், சாவுக்கு முன்னரே நோய் அறியப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. நிக்கல்ஸ் எழுதி 170 ஆண்டுகளுக்கு மேற் சென்றும், இந்நோயைக் காண்பதற்குப் பிரேதச் சாலையே வாயிலாக இருந்தது.

மறுபுறத்திலே பாரிசவாதத்தின் வரலாறு தனியே நடந்தது. 1658இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் வெப்பர், மூளைக்குட் குருதி கசிவதனால் மூர்ச்சை உண்டாகலாம் என்று காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜேர்மனியின் விர்சோ, ஓரிடத்தில் உறைந்த குருதிக் கட்டி பெயர்ந்து சென்று வேறோர் இடத்தை அடைக்கும் என்று நிறுவினார். 1951இல் கனடாவைச் சேர்ந்த மில்லர் பிஷர், கழுத்து நாடியில் ஏற்படும் அடைப்பே பல பாரிசவாதங்களுக்குக் காரணம் என்று எழுதி, மூளையையே நோக்கிக் கொண்டிருந்த கண்களைக் கழுத்துக்குத் திருப்பினார். இன்னும் ஒரு சாண் கீழே நோக்கியிருந்தால் மார்பு. ஆனால் மார்பு வேறு வைத்தியருக்கு உரிய இடமாகப் பிரிந்திருந்தது. நரம்பியலார் தலையைப் பார்ப்பர். இதய வைத்தியர் மார்பைப் பார்ப்பர். பெருநாடியோ இவ்விரு நாட்டின் எல்லையிலே ஓடுகின்றது. எல்லைப்புற ஊர்கள் இரு அரசுகளாலும் கவனிக்கப்படாமற் போவது வரலாற்றில் புதிதன்று.

நேயர்களே, இவ்வளவு காலமும் இம்மயக்கத்தினால் நோயாளி எதனை இழந்தார் என்று கேட்டால், பெரிதாக ஒன்றையும் இழக்கவில்லை என்பதே நேர்மையான விடை. கசப்பான விடைதான். பெருநாடிப் பிளவுக்கும் மருந்தில்லை, பாரிசவாதத்துக்கும் மருந்தில்லை. இரண்டுக்கும் படுக்கை, அமைதி, உறவினரின் கண்ணீர். எந்தப் பெயரைச் சொன்னாலும் முடிவு ஒன்று.

முதலில் மாறியது பெருநாடியின் பக்கம். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரிலே மைக்கல் டிபேக்கி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 1954இல் பிளவுபட்ட பெருநாடியைச் சத்திரசிகிச்சையாற் சீராக்கினார். அடுத்த ஆண்டில் தம் தோழர்களோடு அம்முறையை எழுதி வெளியிட்டார். கெட்டுப்போன நாடித்துண்டை வெட்டி எடுத்தால், அவ்விடத்தில் எதை வைப்பது? டிபேக்கி நைலோன் துணி வாங்கக் கடைக்குப் போனாராம். நைலோன் தீர்ந்துவிட்டது, புதிதாக வந்த டக்ரோன் இருக்கின்றது என்றார் கடைக்காரர். அதை வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்திலே தாமே குழாயாகத் தைத்தார். சிறு வயதில் தாயாரிடம் தையல் கற்றவர் அவர். அன்று தற்செயலாகக் கிடைத்த அத்துணி வகையிலிருந்தே செயற்கை நாடிகள் இன்றும் செய்யப்படுகின்றன. 1965இல் வீற் என்னும் வைத்தியரும் அவருடன் பணிபுரிந்தோரும், மருந்தினால் இரத்த அமுக்கத்தையும் இதயத்துடிப்பின் வேகத்தையும் தாழ்த்தினால் பிளவு மேலும் ஓடாது தடுக்கலாம் என்று காட்டினர். இதயத்தை ஒட்டிய மேலெழும் பகுதி பிளந்தால் உடனே சத்திரசிகிச்சை; கீழிறங்கும் பகுதி மட்டும் பிளந்தால் பெரும்பாலும் மருந்து. இவ்வாறாக நெறியும் வகுக்கப்பட்டது.

ஆகவே பெருநாடிப் பிளவு காப்பாற்றக்கூடிய நோயாயிற்று. ஆனால் காலம் மிகக் குறுகியது. மேலெழும் பகுதி பிளந்தவர்களுள், சிகிச்சையின்றி விட்டால், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் இருவராக இறப்பர் என்று வைத்திய நூல்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன.

பாரிசவாதத்தின் பக்கம் மாறியது நாற்பது ஆண்டுகள் கழித்து. 1995ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் 624 நோயாளரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தொன்றை, நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் நாளத்தில் ஏற்றினால், மூன்று மாதங்களின் பின் ஊனமின்றியோ சிறிய ஊனத்தோடோ எழுந்து நடமாடுவோர் தொகை கூடுகின்றது என்பதே அம்முடிவு. 1996இல் அந்நாட்டு அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அம்மூன்று மணியை நாலரை மணியாக நீட்டியது. பாரிசவாதம் என்றால் விதி என்று கைவிட்டிருந்த உலகம், ஓட்டமும் நடையுமாக நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லத் தொடங்கியது. இது பெரும் நன்மை. இதனால் நடக்க முடிந்தவர்களும் பேச முடிந்தவர்களும் ஏராளம். இதனைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

எனினும் இவ்விடத்திலேதான் பழைய பெயர்மயக்கம் தன் கோர முகத்தைக் காட்டிற்று. பெருநாடி பிளந்தவருக்கு மூளை வாடுவது குருதிக்கட்டியினால் அன்று. கிழிந்த சுவரின் நெருக்குதலால். கரைக்கும் மருந்து அங்கே கரைக்கத்தக்கது எதுவுமில்லை என்றே சொல்லலாம். மாறாக, மார்புக்குள்ளே கிழிவின் ஓரங்களில் குருதி உறைந்து, மேலும் கசியாது ஓரளவு காத்துக்கொண்டிருக்கும். மருந்து அந்த உறைவைக் கரைத்துவிடும். குருதி இதயத்தின் உறைக்குட் பாயும். இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் மார்பில் நிக்கல்ஸ் கண்ட அதே காட்சி. ஒரு நோய்க்கு அமிர்தமானது மற்றதற்கு நஞ்சு. இரண்டு நோயும் ஒரே முகத்தோடு ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

இது வெறும் ஊகமன்று. யப்பான் தேசத்தில் இம்மருந்து 2005இல் பாரிசவாதத்துக்கு அனுமதிக்கப்பட்டது. அதன்பின், பெருநாடி பிளந்திருந்தது அறியாமல் மருந்தேற்றப்பட்ட சிலர் இறந்தனர். மருந்தேற்றுமுன் பெருநாடியையும் கருதுமாறு வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பிற நாடுகளிலும் இத்தகைய இறப்புக்கள் வைத்திய ஏடுகளில் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. மருந்தேறியும் பிழைத்தவர் சிலர் உண்டு. ஆனால் அவர்களை நம்பி நெறி வகுக்க முடியாது. பெருநாடி வளைவில் பிளவு உண்டென்று தெரிந்தாலும், ஐயமே எழுந்தாலும், இம்மருந்தை ஏற்றலாகாது என்று அமெரிக்க வழிகாட்டி நூல்கள் விதித்துள்ளன.

ஐயம் எழுந்தால் அல்லவா! அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் வைத்தியரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெருநாடிப் பிளவு ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் மூவர் நால்வருக்கு வருவது. பாரிசவாதமோ அன்றாடம் வருவது. மேலும், மேற்பகுதி பிளந்த 2202 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், நூற்றுக்கு அறுவர் அளவினருக்கே பாரிசவாதம் காணப்பட்டது. பாரிசவாதத்தோடு வருவோர் நூற்றுக்கணக்கானோரில் ஒருவரிடத்தில் மட்டுமே மார்பிலே காரணம் ஒளிந்திருக்கலாம். அந்த ஒருவரைத் தேடப் போனால், ஏனையோருக்கு உரிய நிமிடங்கள் கழிந்துபோகின்றன. நிமிடந்தோறும் மூளையின் உயிரணுக்கள் மடிகின்றன. விரைந்தாலும் பிழை, தாழ்த்தாலும் பிழை. இந்நிலையில் தவறிய வைத்தியர்மீது கல்லெறிவது எளிது, நியாயமன்று.

கருவிகளும் ஒருவகையில் இம்மயக்கத்துக்கு உடந்தையாயின. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. ஸ்கான் கருவி முதன்முதலில் நோயாளி ஒருவரைப் படம்பிடித்தது, படம்பிடித்தது மூளையை. பாரிசவாத நோயாளி வந்தால் அன்றுதொட்டுத் தலையைப் படம்பிடிப்பதே வழக்கம். குருதிக்கசிவு உண்டா இல்லையா என்று அது காட்டும். அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் முதல் மணிகளில் அப்படம் பெரும்பாலும் குறைவின்றித் தோன்றும். கசிவு இல்லை, நேரம் கடக்கவில்லை, ஆகவே மருந்தை ஏற்றலாம் என்று நெறி சொல்லும். பெருநாடி பிளந்தவருடைய தலைப்படமும் அப்படியேதான் தோன்றும். அது பொய் சொல்லவில்லை. மார்பைப் பற்றி அதனிடம் எவரும் கேட்கவில்லை. இப்போது வசதியுள்ள வைத்தியசாலைகளில், நாளத்தில் ஒரு திரவத்தைச் செலுத்தி, பெருநாடி வளைவு தொடங்கி உச்சந்தலை வரை நாடிகளை ஒரே முறையிற் படம்பிடிக்கின்றனர். அப்படத்தில் பிளவு வெளிப்பட்டுவிடும். ஆனால் எல்லா இடத்திலும் இது உடனே கிட்டுவதில்லை.

கருவியில்லாத இடத்திலும் சில அறிகுறிகள் உண்டு. அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று. பெருநாடி வளைவிலிருந்து முதலிற் கிளைக்கும் நாடியே வலக்கைக்கும் மூளையின் வலப்பக்கத்துக்கும் குருதி கொடுப்பது. பிளவு பெரும்பாலும் அந்த முதற் கிளைக்குள்ளேயே ஏறுகின்றது. மூளையின் வலப்பக்கம் வாடினால் உடலின் இடப்பக்கம் விழும். ஆகவே நோயாளியின் இடக்கை அசையாது கிடக்கும். அசையும் வலக்கையிலோ நாடித்துடிப்பு மெலிந்திருக்கும், அல்லது அறவே இராது. விழுந்த கை ஒன்று, துடிப்பு இழந்த கை மற்றொன்று. இரு கைகளிலும் இரத்த அமுக்கத்தை அளந்தால் இருபது அலகுக்கு மேல் வேறுபாடு தென்படலாம். 1896இல் இத்தாலியின் ரீவா ரொச்சி அமைத்த கைப்பட்டி இன்று எந்தச் சிறு மருந்தகத்திலும் உண்டு. அதனை ஒரு கையிற் கட்டியபின் மறு கையிலும் கட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும். இன்னொன்று: பாரிசவாதம் வந்தவருக்கு இரத்த அமுக்கம் பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும். அது தாழ்ந்திருந்தால், ஏன் என்று கேட்கவேண்டும்.

இவை எப்போதும் கைகொடுப்பதில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆறு நாடுகளின் பன்னிரண்டு வைத்தியசாலைகளிலிருந்து 464 நோயாளரைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாடித்துடிப்புக் குறைபாடு நூற்றுக்குப் பதினைந்து பேரிடமே காணப்பட்டது. வலியோ நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குத் திடீரெனத் தொடங்கியிருந்தது. கிழிவது போன்ற வலி என்று நூல்கள் எழுதியிருக்க, கூர்மையான வலி என்று சொன்னோரே மிகுதி. நோயாளி நூலைப் படித்துவிட்டு வருவதில்லையே!

டிபேக்கியின் பிற்கால வரலாறு இங்கே நினைவுக்கு வருகின்றது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், தமது 97ஆம் வயதில், வீட்டில் ஒரு சொற்பொழிவுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் தாங்கொணா வலி எழுந்தது. இதயம் இதோ நின்றுவிடப்போகின்றது என்றே அவர் முதலில் எண்ணினார். இதயம் நிற்கவில்லை. அதன் பின்னரே, வாழ்நாளெல்லாம் தாம் பிறருக்குச் சீர்செய்த அதே பெருநாடிப் பிளவு தமக்கே வந்துள்ளது என்று ஐயுற்றார். முதலில் சத்திரசிகிச்சையை மறுத்தார். நிலை மோசமாகி நினைவு தவறியபின், 2006 பெப்ரவரியில், வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழு கூடி ஆராய்ந்ததன் பேரில், அவரோடு பணிபுரிந்தவர்களே அவர் வகுத்த வழியில் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தனர். பிழைத்தெழுந்து 2008 ஜூலை வரை வாழ்ந்தார். இந்நோயை உலகில் எவரினும் நன்கறிந்தவரே முதற்கணத்தில் வேறொன்றை நினைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவருக்கு வலி இருந்தது, நினைவு இருந்தது, பேச நா இருந்தது.

மூளை தாக்குண்டவருக்கோ இம்மூன்றும் இல்லாதிருக்கலாம். ஜேர்மனியில், மேற்பகுதி பிளந்த 102 நோயாளரைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் முப்பது பேர் நரம்பியற் குறிகளோடு வந்தவர்கள். அந்த முப்பது பேரில் மூன்றிலிரு பங்கினரே வலி உண்டென்று கூறினர். ஏனையோருக்கு உண்மையாகவே வலி இல்லையா, அல்லது வலியைச் சொல்ல மூளை இடந்தரவில்லையா? நாக்குழறிய ஒருவர், நினைவு மயங்கிய ஒருவர், அரை மணி நேரத்துக்கு முன் தமக்கு நேர்ந்ததை எவ்வாறு எடுத்துரைப்பார்? அவர் விழுமுன் மார்பைப் பிடித்தாரா, முதுகில் ஏதோ தைத்ததென்றாரா, நோவினாற் கூவினாரா என்பதை அறிந்தவர் அருகிலிருந்த மனைவியோ மகனோ அயலவரோ ஆவர். அவர்களோ கையும் வாயும் விழுந்ததைத்தான் வைத்தியசாலையில் முதலிற் சொல்வர். கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது அதுவாகையால், முன்னே வந்த சிறு கூவல் மறந்துபோகும். வைத்தியரும் எத்தனை மணிக்கு விழுந்தார் என்றே முதலிற் கேட்பார். மருந்தின் கெடு அவரை அப்படிக் கேட்கச் செய்கின்றது. விழுவதற்கு முன் என்ன சொன்னார் என்ற கேள்வி எழாமலே போகலாம்.

நிக்கல்ஸின் கடிதத்துக்கு மீண்டும் வருகின்றேன். பெருநாடியின் கிழிவையும் உறைந்த குருதியையும் அளந்து எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. மன்னர் உயிரோடிருந்த காலத்தைப் பற்றியும் எழுதினார். சில ஆண்டுகளாகவே இதயப் பகுதியில் அடிக்கடி வேதனையும் சோர்வும் உண்டாவதாக மன்னர் முறையிட்டு வந்தார் என்பது அக்கடிதத்திலே இருக்கின்றது.